அரை நிலாவை வைத்துச் சூரியனை அளந்தவர்

2025 செப்டம்பர் 7 அன்று முழு சந்திர கிரகணம் வந்ததே, அன்றிரவு மொட்டை மாடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். பூமியின் நிழல் நிலாவின் ஓரத்தை முதலில் தொட்டது 9.57க்கு. நிலா முழுவதும் நிழலுக்குள் போய்ச் செம்பு நிறமானது 11 மணிக்கு. மறுபடி ஒரு ஓரம் வெளுக்கத் தொடங்கியது 12.22க்கு. இந்த மூன்று நேரங்களையும் குறித்துக்கொண்டேன். எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

கிரகணம் முடிந்த மறுவாரம் ஓர் ஆசிரியை கேட்டிருந்தார்: "கோப்பர்னிக்கஸ் வரும்வரை எல்லோருமே பூமிதான் நடுவில் இருக்கிறது என்று நம்பினார்களா? வகுப்பில் பிள்ளைகள் கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், ஆனால் மனசு உறுத்துகிறது."

உறுத்தியது நல்லதுதான். கோப்பர்னிக்கஸின் நூல் வெளிவந்தது 1543இல். அதற்குச் சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன்பே, சூரியன் நடுவில் நிற்கிறது, பூமி அதைச் சுற்றுகிறது என்று ஒருவர் சொல்லிவிட்டார். துருக்கிக் கரையை ஒட்டியிருக்கும் சாமோஸ் தீவில் பிறந்த அரிஸ்டார்கஸ். அவர் தனி ஆளும் அல்ல. பழைய கிரேக்கத்தில் பிரபஞ்சம் பற்றி ஆளுக்கொரு படம் இருந்தது. அனாக்ஸிமாண்டர், பூமி ஒரு மத்தளத் துண்டு போல இருக்கிறது, எதன்மேலும் உட்காராமல் அந்தரத்தில் நிற்கிறது என்றார். எல்லாப் பக்கமும் ஒரே தூரம் என்றால் எந்தப் பக்கம் விழும் என்பது அவர் வாதம். ஆமை, யானை, தண்ணீர் என்று எதையும் அடியில் முட்டுக்கொடுக்காமல் யோசித்த அந்த மனதை எனக்கு ரொம்பவே பிடிக்கும். பித்தாகரஸ் வழிவந்த ஃபிலோலாஸ், பூமியை நடுவிலிருந்தே நகர்த்திவிட்டார். நடுவில் ஒரு நெருப்பு இருக்கிறது, பூமி, சூரியன், நிலா எல்லாமே அதைச் சுற்றுகின்றன என்றார். டெமாக்ரிட்டஸுக்கு உலகங்கள் எண்ணற்றவை. சிலவற்றில் சூரியனே இல்லை, சிலவற்றில் நம்முடையதைவிடப் பெரிய சூரியன். ஹெராக்ளிடஸ் என்று தத்துவ வகுப்பில் படிப்போமே, அவரல்ல, ஹெராக்ளைடீஸ் என்று இன்னொருவர்: வானம் சுழலவில்லை, பூமிதான் நாளுக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுகிறது என்றார்.

இவை அரிய யோசனைகள்தாம். ஆனாலும் யோசனைகள். அரிஸ்டார்கஸ் விஷயம் வேறு. அவரிடம் ஒரு முக்கோணம் இருந்தது. அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

அடுத்த வளர்பிறை அஷ்டமி அன்று மாலை நாலு மணிக்கு ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு வெயில் விழும் இடத்துக்குப் போங்கள். சூரியன் மேற்கே இருக்கும். உச்சிக்குச் சற்றுக் கிழக்கே, நீல வானத்தில் வெளிறிப்போன அரை நிலா தெரியும். கையை நீட்டிப் பழத்தை நிலாவுக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். நிலாவின் எந்தப் பக்கம் வெளிச்சமோ, பழத்திலும் அதே பக்கம்தான் வெளிச்சம். அங்கே பாதி என்றால் இங்கேயும் பாதி. இரண்டின்மேலும் விழுவது ஒரே வெயில். முதன்முதலில் இதைச் செய்து பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதுவரை வட்டமாக ஒட்டி வைத்த காகிதம் போலிருந்த நிலா, சட்டென்று ஒரு உருண்டையாகிவிட்டது.

இப்போது அரிஸ்டார்கஸ் கேட்ட கேள்விக்கு வருவோம். நிலா மிகச் சரியாகப் பாதியாகத் தெரிகிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம்? வெளிச்சத்தையும் இருட்டையும் பிரிக்கும் கோடு நமக்கு வளைவே இல்லாமல் நேராகத் தெரிகிறது. அப்படியானால் சூரியனிலிருந்து நிலாவுக்கு வரும் கோடும், நிலாவிலிருந்து நம் கண்ணுக்கு வரும் கோடும் நிலாவில் செங்கோணத்தில் சந்தித்தாக வேண்டும். நாம், நிலா, சூரியன் மூவரும் ஒரு செங்கோண முக்கோணத்தின் மூன்று முனைகள். ஒரு முனையின் கோணம், 90 பாகை, அளக்காமலே கிடைத்துவிட்டது. நம் முனையில் நிலாவுக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள கோணத்தை அளந்துவிட்டால் போதும், முக்கோணத்தின் வடிவம் முழுவதும் கைக்கு வந்துவிடும். யாரும் நிலாவுக்குப் போக வேண்டியதில்லை. ஒரு கோல்கூட வேண்டாம்!

சூரியன் முடிவில்லாத தூரத்தில் இருந்தால் நம் முனையிலும் 90 பாகைதான் வரும். பக்கத்தில் இருந்தால் 90க்குக் குறையும். எவ்வளவு குறைகிறது என்பதில்தான் சூரியனின் தூரம் ஒளிந்திருக்கிறது.

அரிஸ்டார்கஸ் எடுத்துக்கொண்ட கோணம் 87 பாகை. நோட்டில் வரைந்து பாருங்கள். நமக்கும் நிலாவுக்கும் இடையே 1 சென்டிமீட்டர் கோடு. நிலா முனையில் 90, நம் முனையில் 87. இரண்டு கோடுகளும் எங்கே சந்திக்கின்றன? சுமார் 19 சென்டிமீட்டர் தள்ளி, அதே பக்கத்திலேயே. ஆக, சூரியன் நிலாவைப்போல் 19 மடங்கு தொலைவில். அவருக்கு முக்கோணவியல் அட்டவணை எதுவும் கிடையாது. வெறும் வடிவியல் வாதங்களாலேயே 18 மடங்குக்கு மேல், 20 மடங்குக்குக் கீழ் என்று நிறுவினார். அந்தச் சிறு நூல் இன்றும் இருக்கிறது.

உண்மையான கோணம் 89.85 பாகை. அதையும் வரையலாம் என்று நோட்டை எடுத்தால் கோடுகள் பக்கத்தைத் தாண்டி, மேசையைத் தாண்டிப் போய்க் கிட்டத்தட்ட 4 மீட்டர் தள்ளித்தான் சந்திக்கும். சூரியன் நிலாவைப்போல் 390 மடங்கு தூரத்தில் இருக்கிறது. கோணத்தில் 3 பாகைதான் பிசகு, தூரத்தில் 20 மடங்கு பிசகு.

இதை வைத்து அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நம் பஞ்சாங்கத்தைக் கொண்டே காரணம் சொல்லலாம். திதி என்பது சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையிலுள்ள கோணம்தான். 12 பாகைக்கு ஒரு திதி. வளர்பிறை அஷ்டமி 84 பாகையில் தொடங்கி 96இல் முடிகிறது. 90 பாகை வருவது அஷ்டமியின் சரிபாதியில். நிலா மணிக்கு அரைப் பாகை வீதம் சூரியனைவிட்டு விலகுவதால், அரிஸ்டார்கஸ் கணக்குப்படி அந்தச் சரிபாதிக்கு 6 மணி நேரம் முன்னதாக அரை நிலா வரவேண்டும். உண்மையில் அது வருவது சுமார் 18 நிமிடம் முன்னதாக. நிலாவின் வெளிச்சக்கோடோ மலையும் பள்ளமுமாகக் கரடுமுரடானது. அது நேராகிவிட்ட நொடியை வெறுங்கண்ணால் 18 நிமிடத் துல்லியத்தோடு யாராலும் சொல்ல முடியாது. முறையில் பிழை இல்லை, கண்ணின் எல்லை அவ்வளவுதான்.

சரி, தூரத்திலிருந்து அளவுக்குப் போவது சுலபம். வானத்தில் சூரியனும் நிலாவும் ஒரே அகலமாகத் தெரிகின்றன. முழு சூரிய கிரகணத்தில் நிலா சூரியனைக் கச்சிதமாக மூடிவிடுகிறது. 19 மடங்கு தூரத்தில் இருந்தும் அதே அகலமாகத் தெரிகிறதென்றால் சூரியன் 19 மடங்கு பெரியது. அப்புறம் பூமியோடு ஒப்பிட வேண்டும். அதற்குத்தான் சந்திர கிரகணம், என் நோட்டுப் புத்தகத்தின் மூன்று நேரங்களும். நிலா தன் அகலம் அளவுக்கு நகர்ந்து நிழலுக்குள் நுழைய எடுத்துக்கொண்டது 63 நிமிடம். நிழலைத் தொட்டதிலிருந்து மறுகரைக்கு வந்து சேர 145 நிமிடம். வகுத்தால் 2.3. நிலா அன்று நிழலின் நடுவழியே போகவில்லை, ஆகவே நிழலின் முழு அகலம் இதைவிடக் கொஞ்சம் கூடுதல். அரிஸ்டார்கஸ் 2 என்று எடுத்துக்கொண்டார். பூமியின் நிழல் கூம்பு வடிவம். நிலா இருக்கும் தூரம் போவதற்குள் ஏறக்குறைய ஒரு நிலா அகலம் குறுகிவிடும். அதைத் திருப்பிக் கூட்டினால் பூமி சுமார் 3 நிலா அகலம். சூரியன் 19 நிலா அகலம். ஆக, சூரியன் பூமியைப்போல் ஆறு ஏழு மடங்கு அகலம், கன அளவில் ஏறக்குறைய 300 மடங்கு. (உண்மையில் அகலமே 109 மடங்கு.)

அன்றிரவு எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகளில் கதவு சாத்தியிருந்தது. குழந்தைகளை வெளியே விடவில்லை, மீந்த சோற்றைக் கொட்டினார்கள். யாரையும் புண்படுத்தும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் அது நாம் நிற்கும் இந்தப் பூமியின் நிழல். அதனால் சோறு கெடாது, கண்ணும் கெடாது. பூமியின் வளைவைத் தன் கண்ணால் பார்க்கக் கிடைத்த அந்த நேரத்தை ஒரு குழந்தை கதவுக்குப் பின்னால் கழித்தது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இவ்வளவு பெரிய சூரியன் இத்தனூண்டு பூமியைச் சுற்றிவருமா? இந்தக் கேள்விதான் அரிஸ்டார்கஸைத் திருப்பியது என்று நான் நம்புகிறேன். சூரிய மையம் பற்றி அவர் எழுதியது நமக்குக் கிடைக்கவில்லை. ஆர்க்கிமிடீஸ் ஒரு நூலில் எழுதிவைத்த சில வரிகளால்தான் முக்கியமாக விஷயம் தெரிகிறது. பிரபஞ்சத்தை மணலால் நிரப்ப எத்தனை மணல்துகள் வேண்டும் என்று சிரக்யூஸ் மன்னன் கெலோனுக்குக் கணக்குச் சொல்லும் நூல் அது. கணக்குக்கு மிகப் பெரிய பிரபஞ்சம் தேவைப்பட்டதால் அரிஸ்டார்கஸின் பிரபஞ்சத்தை எடுத்துக்கொண்டார். விடை 1க்குப் பின் 63 சுழியங்களுக்குள் அடங்கியது. மணல் எண்ணும் ஆசை ஒருவருக்கு வந்ததால் இன்னொருவருடைய பிரபஞ்சம் பிழைத்தது.

அரிஸ்டார்கஸின் பிரபஞ்சம் அத்தனை பெரிதானதற்குக் காரணம் உண்டு. கட்டைவிரலை முகத்துக்கு எதிரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றக் கண்ணை. விரல் பின்னணியில் தாவும். பூமி சூரியனைச் சுற்றினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாம் வட்டத்தின் எதிர்க்கரையில் நிற்கிறோம். அப்படியானால் விண்மீன்களும் இடம் மாறித் தெரிய வேண்டும். தெரியவில்லையே? இந்த இடமாறு தோற்றம் தெரியாததுதான் சூரிய மையத்துக்கு எதிரான மிக வலுவான வாதம். விண்மீன்கள் அவ்வளவு தூரத்தில் இருக்கின்றன, அந்தத் தூரத்துக்கு முன்னால் பூமியின் வட்டப்பாதையே வெறும் புள்ளி என்பது அரிஸ்டார்கஸின் பதில். சரியான பதில்தான். ஆனால் கையில் சான்று இல்லாத பதில்.

அவரைத் தெய்வ நிந்தனைக் குற்றத்துக்கு ஆளாக்க வேண்டும் என்று கிளியாந்தஸ் என்ற தத்துவவாதி நினைத்ததாக புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு மதம் அறிவியலை நசுக்கியது என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அரிஸ்டார்கஸை ஏற்காத வானியலாளர்களிடம் நேர்மையான காரணம் இருந்தது. தொலைநோக்கி வருவதற்கு முந்தைய காலத்தில் வானத்தை மிகத் துல்லியமாக அளந்த டைகோ பிராகேகூட, விண்மீன் நகரவில்லை என்பதைக் காட்டித்தான் பூமி நகர்வதை மறுத்தார்.

அந்த நகர்வை முதலில் நம்பகமாக அளந்து அறிவித்தவர் பெசல், 1838இல், கோனிக்ஸ்பெர்க் வானாய்வகத்தில். அவர் பார்த்தது அன்னம் விண்மீன் குழுவிலுள்ள 61 சிக்னி. ஒரு பாகையை 3600 ஆகப் பிரித்தால் ஒரு விகலை. அவருக்குக் கிடைத்தது ஒரு விகலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. ஒரு ரூபாய் நாணயத்தை 15 கிலோமீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால் எவ்வளவு அகலமாகத் தெரியுமோ அவ்வளவு. நம் வெறுங்கண்ணால் பிரித்தறிய முடிவதே 60 விகலைதான். அரிஸ்டார்கஸுக்குக் குறைந்தது அறிவல்ல, நல்ல கண்ணாடி. அதனால்தான் "இதனால் என்ன பயன்" என்று கேட்டு அளவைக் கருவிகளுக்கான பணத்தை முதலில் வெட்டும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. 2013இல் ஐரோப்பிய விண்வெளி முகமை அனுப்பிய கையா விண்கலம் செய்ததும் இதே கட்டைவிரல் வேலைதான், ஏறத்தாழ 200 கோடி விண்மீன்களுக்கு.

61 சிக்னியை நாமும் பார்க்கலாம். அக்டோபர் மாதம் இரவு எட்டு மணிவாக்கில், ஊர் வெளிச்சம் இல்லாத இடத்தில் நின்று வடக்கே நல்ல உயரத்தில் தேடுங்கள். அன்னம் குழுவின் பெரிய சிலுவையில் தலைப்பக்கம் பளிச்சென்று நிற்பது டெனிப். அதற்குக் கொஞ்சம் தள்ளி, மங்கலாக, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் ஒரு புள்ளி. பைனாகுலர் இருந்தால் எளிது. 11 ஒளியாண்டுக்கும் சற்று அதிகமான தூரத்திலிருந்து வரும் வெளிச்சம் அது.