அம்மா போட்ட ரப்பர் பேண்ட்

அம்மாவுக்குக் காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒரு மாத்திரை. மருந்து ஒன்றுதான், அளவுதான் வேறு. இரண்டு அட்டைகளும் ஒரே நீலம், ஒரே நீளம். மருந்தின் பெயர் பெரிதாக இருக்கிறது; 5, 10 என்ற எண் மட்டும் அதன் வாலில் பொடி எழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போன மழைக்காலத்தில் கரண்ட் போன ஒரு ராத்திரி அம்மா மாற்றிப் போட்டுக்கொண்டுவிட்டார். டாக்டருக்கு போன் செய்து, அவர் சொன்னபடி விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலை பார்த்தால், இரவு மாத்திரை அட்டையில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி வைத்திருந்தார் அம்மா. இப்போது இருட்டில் தொட்டாலே தெரிந்துவிடும்.

இருபது வருஷமாக ராயப்பேட்டையில் உட்கார்ந்து அட்டைப்பெட்டிகள், லேபிள்கள், வழிகாட்டிப் பலகைகள் ஆகியவற்றுக்கு டிசைன் செய்து வருகிறேன். அந்த ரப்பர் பேண்ட் செய்த வேலையை, அட்டையை வடிவமைத்தவர் செய்திருக்க வேண்டும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் டிசைன் என்றால் கலர், லோகோ என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அதுவும் வேண்டியதுதான். ஆனால் இதை யார் பிடிக்கப் போகிறார்கள், எந்தக் கையால், எந்த வெளிச்சத்தில் என்ற கேள்விகள் அதற்கு முன்னால் வர வேண்டும்.

அப்படிக் கேட்டுச் செய்த பொருள்கள் நம்மைச் சுற்றி நிறைய இருக்கின்றன. பர்ஸில் இருக்கும் 100 ரூபாய் நோட்டை எடுத்து இரண்டு ஓரங்களையும் தடவிப் பாருங்கள். சாய்ந்த கோடுகள் லேசாகப் புடைத்திருக்கும். 100-க்கு நான்கு கோடு, 500-க்கு ஐந்து. 200-இல் நான்கு கோடுகளுக்கு நடுவில் இரண்டு சிறு வட்டம். பார்வையற்றவர்கள் விரலால் கண்டுபிடிப்பதற்காக அச்சிட்டவை அவை. மூன்று நோட்டின் நீளமும் வேறுதான்: 142, 146, 150 மில்லிமீட்டர். என் கணக்கில் இந்த 4 மில்லிமீட்டர் போதாது, கண்ணை மூடிக்கொண்டு பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன். கோடுகளும் நோட்டு கசங்கக் கசங்கத் தேய்ந்துவிடும். ஆனாலும் அந்த விரலை ஒருவர் நினைத்துப் பார்த்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கும் சைவ, அசைவக் குறியும் இப்படித்தான். முன்பு இரண்டுமே சதுரத்துக்குள் வட்டம். ஒன்று பச்சை, ஒன்று பழுப்பு. நிறக்குருடு உள்ளவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். 2020-இல் வந்த லேபிள் விதிகள் அசைவத்துக்கு முக்கோணத்தைக் கொண்டுவந்தன. நிறத்தை மட்டும் நம்பாதே, வடிவத்தையும் மாற்று என்று என் அலுவலகப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நான் காட்டுவது அந்தக் குறியைத்தான்.

1958-இல் அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவானது அதை ஒட்டித்தான். இந்தியாவில் தாங்கள் பார்த்துப் பாராட்டிய பொருள்களிலெல்லாம் உயர்ந்ததாக அவர்கள் எடுத்துச் சொன்னது நம் வீட்டுச் சொம்பை. எவ்வளவு தண்ணீர் கொள்ள வேண்டும், ஊற்றும்போது கையில் எப்படி நிற்க வேண்டும், எப்படிக் கழுவுவது, என்ன விலை ஆகும் என்று அதற்குப் பின்னால் இருக்கும் கேள்விகளை வரிசையாக எழுதியிருக்கிறார்கள். தனியொருவர் உட்கார்ந்து செய்ததில்லை அது. தலைமுறை தலைமுறையாகத் திருந்தி வந்தது.

நம் ஊரில் தண்ணீர் லாரி வரும் தெருவில் நின்று குடங்களைப் பாருங்கள். பித்தளை போய், எவர்சில்வர் வந்து, இப்போது பச்சையும் ஆரஞ்சுமாய் பிளாஸ்டிக். வடிவம் மட்டும் மாறவில்லை. நடக்கும்போது சிந்தாமலிருக்க ஒடுங்கிய கழுத்து, விரல் மாட்ட வெளியே மடிந்த விளிம்பு, இடுப்பெலும்பின் மேல் உட்கார உருண்ட வயிறு. இதில் எதை மாற்றினாலும் தூக்குகிறவருக்குத்தான் வலிக்கும்.

அந்தக் குடத்துக்குத் தண்ணீர் தரும் தெருவோர அடிபம்பையும் சொல்லியாக வேண்டும். இந்தியா மார்க் 2 என்பது அதன் பெயர். ஒரு குடும்பத்துக்கென்று செய்த பழைய வார்ப்பிரும்பு பம்புகளை ஊரே அடித்தபோது அவை சீக்கிரமே உடைந்துபோயின. 1970-களில் யுனிசெஃப் துணையோடு நம் பொறியாளர்கள் இதை உருவாக்கினார்கள். கோவைப் பக்கம் கிணறுகளில் பொருத்திச் சோதித்தார்கள். சென்னையில் ரிச்சர்ட்சன் அண்டு க்ரூடாஸ் என்ற நிறுவனம் தயாரித்தது. இதன் தலைக்குள் ஒரு சங்கிலி இருக்கிறது. கைப்பிடி வளைவாகப் போனாலும் உள்ளே இருக்கும் கம்பி நேராகவே ஏறி இறங்க அதுதான் காரணம். கைப்பிடியே கனமான இரும்புக் கட்டை. அந்தக் கனம் தண்ணீரோடு கம்பியை மேலே இழுக்க உதவுகிறது. இதற்குக் காப்புரிமை எதுவும் கிடையாது, யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆப்பிரிக்காவரை போனது. பளபளப்பாக ஒன்றும் இருக்காது. எனக்கு அதைவிட அழகான இயந்திரம் தெரியாது.

அப்புறம், சிவகாசி தினசரி காலண்டர். தேதி கூடத்தின் மறுகோடியிலிருந்தே தெரியும். ராகு காலம் கிட்டே போனால்தான் தெரியும். தூரத்துக்கு ஒரு எழுத்து, கிட்டத்துக்கு ஒரு எழுத்து என்ற பாடத்தை ஒரே தாளில் இவ்வளவு தெளிவாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கடை, கிளினிக், அப்பார்ட்மென்ட் சங்கம் என்று எதற்காவது டிசைன் செய்யக் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாட்ஸப்பில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். போன் திரையில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். உண்மையான அளவில் ஒரு பிரிண்ட் எடுத்து, டியூப்லைட் வெளிச்சத்தில் வைத்து, வீட்டுப் பெரியவரைப் படிக்கச் சொல்லுங்கள். தமிழ் எழுத்து என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஆங்கிலத்துக்கு இடம் ஒதுக்கிவிட்டு, மிச்ச இடத்தில் தமிழை நெருக்கித் திணிப்பதைத் தினமும் பார்க்கிறேன். ண, ன சுழிகள் மையில் அடைபட்டுப் போகும். புள்ளி விழாமல் போனால் சொல்லே மாறிவிடும்.

சில வருஷம் முன்பு வடசென்னையில் ஒரு சிறிய மருத்துவமனைக்கு வழிகாட்டிப் பலகைகள் செய்தோம். பலகையில் எழுத வேண்டியவை என்று நிர்வாகம் கொடுத்த பட்டியலில் ‘ஆய்வகம்’, ‘கதிரியக்கப் பிரிவு’ என்று இருந்தது. நான் வாசலில் இருந்த செக்யூரிட்டி அண்ணனிடம் போனேன். வருகிறவர்கள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று அவர் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். “ரத்தம் குடுக்குற இடம் எங்கண்ணா?”, “எக்ஸ்ரே எங்க எடுக்குறாங்க?” ஆய்வகம் என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை. பலகையில் ‘ரத்தப் பரிசோதனை’, ‘எக்ஸ்ரே’ என்று எழுதி, ஒரு சொட்டுப் படமும் எலும்புப் படமும் போட்டோம். நிர்வாகத்தை ஒப்புக்கொள்ள வைக்க மூன்று கூட்டங்கள் ஆயின.

ஒரு மாதம் கழித்துப் போய் அதே அண்ணனிடம், இப்போதும் யாராவது வழி கேட்கிறார்களா என்றேன். “ரொம்பக் கொறைஞ்சிடுச்சு சார். பாத்ரூம் எங்கன்னு மட்டும்தான் கேக்குறாங்க” என்றார். போய்ப் பார்த்தேன். வார்டு கதவைத் திறந்து வைத்தால் பாத்ரூம் பலகை கதவுக்குப் பின்னால் போய்விடுகிறது. பகல் முழுக்க அந்தக் கதவு திறந்தேதான் இருக்குமாம். நாங்கள் அளவெடுத்த ஞாயிற்றுக்கிழமை அது மூடியிருந்தது. அன்று சாயங்காலமே ஏணி வாங்கி, பலகையைக் கழற்றி எதிர்ச்சுவரில் மாட்டினோம்.