கம்பெனி டவுன்: தொழில்நகரமா, ஆலையூரா?

'பேணப்படும் கம்பெனி டவுன்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ஒரே முதலாளி ஆலையைக் கட்டுகிறார். அங்கே வேலை செய்வோருக்கு வீடு, பள்ளி, தேவாலயம், மருத்துவமனை, கடை என எல்லாம் அவரே கட்டி, தம் பெயரிலேயே வைத்துக்கொள்கிறார். அப்படிப்பட்ட ஊர்தான் கம்பெனி டவுன். இதைத் 'தொழில்நகரம்' என்று மொழிபெயர்ப்பது பொருந்தாது. திருப்பூர் தொழில்நகரம், அங்கே வேலை கொடுப்பவர் ஒருவர், வீட்டுக்காரர் இன்னொருவர். 'தொழிற்பேட்டை'யும் சரிவராது. பேட்டையில் பட்டறை உண்டு, மாலையில் ஷட்டரை இறக்கினால் ஆள் நடமாட்டம் இருக்காது. சம்பளம் கொடுக்கும் கையிலேயே வீட்டுச் சாவியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அது கம்பெனி டவுன்.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். 'கம்பெனி'யின் வேர் லத்தீன்: 'கோம்' என்றால் உடன், 'பானிஸ்' என்றால் ரொட்டி. ஒன்றாக உட்கார்ந்து உண்பவர்கள் என்பது பழைய பொருள். தமிழில் இது முதலில் 'கும்பினி' என்று நுழைந்தது, அதுவும் கிழக்கிந்தியக் கும்பினியோடு. 'டவுன்' என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் வேலியடைத்த இடம் என்று பொருள்; அதன் உறவுச்சொல்லான 'ட்ஸாவுன்' ஜெர்மனில் இன்றும் வேலியைத்தான் குறிக்கிறது. நம் 'பட்டி'யும் இதே வழியில் வந்ததுதான். ஆடுமாடு அடைக்கும் இடத்தைக் குறிப்பது, சிற்றூரின் பெயருக்கும் ஈறாகிறது. மதுரா மில்ஸ் தொழிலாளருக்காகத் திருப்பரங்குன்றம் அருகே எழுந்த குடியிருப்புக்கு ஹார்விபட்டி என்று பெயர். ஹார்வி, மில்லை நடத்தியவர்களின் பெயர். அகராதிக்காரர் யாரும் உட்கார்ந்து யோசிக்காமலே கம்பெனி டவுனுக்கு ஓர் அச்சான தமிழ்ச்சொல் அங்கே பிறந்துவிட்டது.

பொதுச்சொல்லாக 'ஆலையூர்' என்பதைப் பரிந்துரைக்கிறோம். ஆலை முதலில் கரும்பாலை. பெரும்பாணாற்றுப்படையே 'புகைசூழ் ஆலை' என்கிறது. அங்கே கருப்பஞ்சாறு காய்ச்சும் புகை. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் நீராவி எந்திரத்துக்கு நிலக்கரி எரித்த புகை. அந்தப் புகையும் நெரிசலும் அங்குள்ள பிராட்ஃபோர்டு நகரை மூச்சுமுட்ட வைத்தன. 1849இல் காலராவும் வந்தது. அப்போது அந்நகர மேயராக இருந்த கம்பளி ஆலை முதலாளி டைட்டஸ் சால்ட், சிதறிக்கிடந்த தம் ஆலைகளை ஒன்றாக்கி ஊருக்கு வெளியே போனார். ஏர் ஆறு, கால்வாய், ரயில்பாதை மூன்றும் அடுத்தடுத்து ஓடும் இடத்தைத் தேர்ந்தார்; கம்பளி வரவும் துணி போகவும் அதைவிட வசதி கிடையாது. தம் பெயரையும் ஆற்றின் பெயரையும் சேர்த்து ஊருக்கு 'சால்ட்டேர்' என்று பெயரிட்டார். (உப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை, 'உப்பூர்' ஆக்கிவிட வேண்டாம்.)

ஆலை 1853 செப்டம்பர் 20 அன்று, சால்ட்டின் 50ஆவது பிறந்தநாளில் திறந்தது. வீடுகள் அதன் பிறகே எழுந்தன. அதுவரை தொழிலாளர் பிராட்ஃபோர்டிலிருந்து ரயிலில் வந்து போனார்கள். 1876இல் சால்ட் இறந்தபோது 800க்கு மேற்பட்ட வீடுகள் இருந்தன. வரிசை வீடுகளில் முனைவீடு பெரிது, அது மேற்பார்வையாளருக்கு. நடுவிலுள்ள சிறியவை தொழிலாளருக்கு. பதவி இன்னதென்று வீட்டின் அளவே சொல்லிவிடும். தெருக்களுக்கு மனைவி, பிள்ளைகள், கட்டடக் கலைஞர்கள் பெயர். தெருவுக்குக் குறுக்கே துணி காயப்போடக் கூடாது என்பதற்காகப் பொதுச் சலவைக்கூடம் கட்டினார்கள். மதுக்கடைக்கு அனுமதியே இல்லை. பிற்காலத்தில் அங்கே திறந்த ஒரு மதுக்கூடம் 'டைட்டஸிடம் சொல்லாதே' என்று பெயர் வைத்துக்கொண்டது!

சாவி ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் சிகாகோ அருகே இருந்த புல்மன் என்ற கம்பெனி டவுன் சாட்சி. ரயில்பெட்டி செய்த புல்மன் நிறுவனம் 1893 பொருளாதார மந்தத்தில் கூலியைக் குறைத்தது, வாடகையைக் குறைக்கவில்லை. வாடகை போகக் கையில் மிஞ்சியது சொற்பம். 1894இல் வேலைநிறுத்தம் வெடித்து நாட்டின் ரயில்களையே முடக்கியது. 1898இல் இலினாய் உச்ச நீதிமன்றம், ஆலைக்குத் தேவைப்படாத சொத்துகளை விற்றுவிடச் சொன்னது. ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் ஆலையூர் வேறு மாதிரி. அங்கே ஆலையை நடத்திய ராபர்ட் ஓவன், மொத்தமாக வாங்கிய பொருளை ஊர்க் கடையில் மலிவாக விற்று, லாபத்தைப் பள்ளிக்குச் செலவிட்டார்.

சுரங்கத்தைச் சுற்றி எழுந்த ஊருக்கு 'ஆலையூர்' ஒட்டாது. நெய்வேலிக்கு வழங்கும் 'நகரியம்' நல்ல சொல். 'நிறுவன நகரியம்' என்றால் சுரங்கம், எஃகு, மின்சாரம் எல்லாவற்றுக்கும் இடமுண்டு. இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான 'லயம்' இசை லயம் அல்ல, ஆங்கில 'லைன்' திரிந்தது. வரிசை வீட்டை மட்டுமே அது குறிக்கும். முழு ஊருக்கு வைக்க முடியாது.

'பேணப்படும்' என்ற அடைமொழியிலும் கவனம் தேவை. சால்ட்டேர் வீடுகள் 1933இல் ஆலையின் கைவிட்டுப் போயின. ஆலை 1986இல் மூடியது. ஊர் 2001இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. பட்டியலில் ஏறினாலும் வீடு வீட்டுக்காரருடையதே, பழுது பார்ப்பதும் அவர்தான். அங்கேதான் சிக்கல். மணற்கல் சுவரின் இணைப்பில் சுண்ணாம்புக் காரைக்குப் பதில் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லுக்குள் தங்கும். பனி உறையும்போது கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். மரச் சன்னலை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் சன்னல் வைத்தால் வரிசையின் ஒழுங்கே கெடும். ஆகவே இன்றைய சால்ட்டேரை வெறுமனே 'ஆலையூர்' என்று எழுதினால் தவறு. 'பேணப்படும் முன்னாள் ஆலையூர்' என்று எழுதுங்கள்.