பழைய டி.என்.ஏ. பழையதுதான் என்று எப்படித் தெரிகிறது? பேரரசர் வூவின் எலும்பு தரும் விடை

சீனாவின் வட சோவ் மரபைச் சேர்ந்த பேரரசர் வூவின் முகம் இதுதான் என்று 2024 மார்ச்சில் ஒரு படம் செய்திகளில் வலம் வந்தது. ஷாங்காயின் ஃபூதான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவருடைய எலும்பிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, மண்டையோட்டின் வடிவத்தோடு இணைத்து அந்த முகத்தை உருவாக்கியிருந்தார்கள். அதைப் பார்த்த வாசகர் ஒருவர், ‘1,400 ஆண்டுகளுக்கு மேல் மண்ணில் கிடந்த எலும்பில் தோண்டியவரின் வியர்வையும் ஆய்வகப் பணியாளரின் எச்சிலும் கலந்திருக்காதா, கிடைத்தது மன்னரின் டி.என்.ஏ.தான் என்பதற்கு என்ன உறுதி?’ என்று கேட்டிருந்தார். முகத்தைவிடச் சுவையானது இந்தக் கேள்வி.

முதலில் மன்னரைப் பற்றிச் சில வரிகள். யூவென் யோங் என்ற இயற்பெயருடைய இவர் 543-இல் பிறந்து 560-இல் அரியணை ஏறினார். அவருக்கு முன் ஆண்ட அண்ணன்கள் இருவரையும் தீர்த்துக்கட்டியவர் அவர்களுடைய பெரியப்பா மகன் யூவென் ஹு. உண்மையான அதிகாரம் அவர் கையில்தான் இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் அடங்கியிருந்த மன்னர், 572-இல், அரசத்தாய்க்கு மதுவின் தீமை பற்றிய பழைய அறிவுரை ஒன்றை ஹு வாசித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து பச்சைக்கல் பட்டையால் அடித்து வீழ்த்தினார். 577-இல் வட ச்சி அரசை வென்று வடசீனத்தை ஒன்றாக்கிய அவர் மறு ஆண்டே இறந்தார். மூன்றே ஆண்டுகளில், 581-இல், அவருடைய சம்பந்தியான யாங் ஜியான் ஆட்சியைப் பறித்துச் சுய் மரபைத் தொடங்கி, யூவென் குடும்பத்து ஆண்களைக் கொன்றொழித்தார். புல்வெளித் துருக்கியரின் பேரரசரான ககானின் மகள் அரசி ஆஷினா 582-இல் இறந்து, கணவரின் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். ஷான்சி மாகாணத்துச் சியான்யாங் நகருக்கு அருகிலுள்ள அந்தக் கல்லறை 1990-களில், கொள்ளையர் கைவைத்த பிறகுதான், முறையாக அகழப்பட்டது. கொள்ளையர் கைபட்ட எலும்பு என்பதால் வாசகரின் ஐயம் இன்னும் நியாயமானது.

விடை வேதியியலில் இருக்கிறது. டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளான அடினின், குவானின், சைட்டோசின், தைமின் ஆகியவை பள்ளியிலேயே அறிமுகமானவை. இவற்றுள் சைட்டோசினுக்கு ஒரு பலவீனம் உண்டு. நீர் மூலக்கூறு தாக்கினால் அதிலுள்ள அமினோ தொகுதி கழன்று, சைட்டோசின் யூராசிலாக மாறிவிடும். உயிரோடிருக்கும் நம் செல்களிலும் இது ஓயாமல் நடக்கிறது, ஆனால் டி.என்.ஏ.வில் யூராசில் இயல்பாக இருக்கக் கூடாத எழுத்து என்பதால், பழுது பார்க்கும் நொதிகள் அதை உடனே அடையாளம் கண்டு வெட்டி எடுத்துவிடுகின்றன. ஆர்.என்.ஏ.வைப் போல டி.என்.ஏ.வும் யூராசிலையே பயன்படுத்தியிருந்தால், எது இயல்பான எழுத்து, எது பழுது என்று அந்த நொதிகளுக்குத் தெரிந்திருக்காது. தைமின் என்ற தனி எழுத்து இருப்பதன் பயன்களுள் இது ஒன்று.

உடல் இறந்த பின் பழுது பார்க்க ஆள் இல்லை. காலப்போக்கில் அடினின், குவானின் எழுத்துகள் சில உதிர, அந்த இடங்களில் இழை அறுந்து, நீண்ட டி.என்.ஏ. நூறு எழுத்துக்கும் குறைவான துணுக்குகளாகச் சிதறுகிறது. துணுக்குகளின் முனைகள் பிரிந்த கயிற்று நுனி போல இருக்கின்றன: ஓர் இழை சற்று நீண்டிருக்கும், அதன் இணை இழை அங்கே இராது. நடுப்பகுதியில் எதிர் இழையோடு பிணைந்திருக்கும் சைட்டோசினை நீர் எளிதில் நெருங்க முடியாது. துணையின்றி நீட்டிக்கொண்டிருக்கும் சைட்டோசினோ நூறு மடங்குக்கும் மேலான வேகத்தில் யூராசிலாகிறது. ஆய்வகத்தில் படியெடுக்கும் நொதி இந்த யூராசிலைத் தைமின் என்றே வாசிக்கிறது. ஆகவே கிடைத்த துணுக்குகளையெல்லாம் இன்றைய மனித மரபணுத் தொகுதியோடு ஒப்பிட்டால், சைட்டோசின் இருக்க வேண்டிய இடத்தில் தைமின் தென்படும் பிழைகள் துணுக்கின் நுனியில் மிகுந்தும், உள்ளே செல்லச் செல்லச் சட்டென்று குறைந்தும் காணப்படும். வரைபடத்தில் அது ஓரத்தில் உயர்ந்து உள்ளே சரியும் ஒரு வளைவு. நேற்று சிந்திய எச்சிலில் இந்த வளைவு வராது. டி.என்.ஏ. அழுகிக் கெட்டுப்போன விதமே அதன் பழமைக்குச் சான்றாவதைப் போல எனக்குப் பிடித்த தந்திரம் இந்தத் துறையில் வேறில்லை.

இன்னொரு சோதனையும் உண்டு. ஆணுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றே ஒன்று. ஓர் ஆணின் எலும்பிலிருந்து வந்த எக்ஸ் துணுக்குகள் ஒரே இடத்தில் அடிக்கடி இருவேறு எழுத்துகளைக் காட்டினால், அங்கே இன்னொருவர் கலந்திருக்கிறார்.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மன்னரின் எழுத்துகள் படிக்கப்பட்டன. கறுப்பு முடி, பழுப்பு விழி, மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட தோல் என்பவை டி.என்.ஏ. சொன்னவை. மன்னர் பிறந்த சியான்பெய் என்ற வடபுல நாடோடி இனத்தவருக்கு மஞ்சள் முடியும் அடர்ந்த தாடியும் இருந்தன என்ற பழைய கருத்து இவர் விஷயத்தில் பொருந்தவில்லை. முகவெட்டைத் தந்தது மண்டையோடு; உதடும் மூக்கின் நுனியும் உயிரோடிருப்பவர்களின் சராசரித் தசைத் தடிமனைக் கொண்டு ஊகித்தவை. ‘டி.என்.ஏ. காட்டிய முகம்’ என்ற தலைப்பு அந்த அளவுக்கு மிகை. வம்சாவளியைப் பொறுத்தவரை, மன்னரிடம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மஞ்சள் ஆற்று உழவர்களின் வழி வந்தது. அரசி ஆஷினாவிடம் அந்தக் கலப்பு ஏறக்குறைய இல்லை. தெற்கே வந்து நாடாண்ட சியான்பெய் குடும்பங்கள் உள்ளூரில் மணஉறவு கொண்டதையே இது காட்டுகிறது.

பக்கவாதத்துக்கான மரபணு அபாயம் அவருக்கு இருந்தது என்றும் ஆய்வு கூறுகிறது. இங்கே நான் தயங்குகிறேன். அத்தகைய அபாயக் கணக்குகள் இன்று வாழும் மக்களிடமிருந்து பெற்றவை. ஒரு தனி மனிதருக்கு இன்ன நோய் வந்தது என்று அவற்றால் சொல்ல முடியாது, அப்படிச் சொல்லி விற்பவர்களை ஜோதிடர்களோடுதான் சேர்க்க வேண்டும். அதைவிட வலுவான சான்று வட சோவ் மரபின் பழைய வரலாற்று நூலில் இருக்கிறது. 575-இல் படையெடுப்பின் நடுவே மன்னருக்குப் பேச்சு நின்றது, இமை சரிந்து கண்ணை மூடியது, ஒரு கால் சுருங்கி நடக்க இயலாமல் போனது என்று அது குறிக்கிறது. மருத்துவர் யாவ் செங்யுவான், படைக்குக் கட்டளையிடப் பேச்சே முதலில் தேவை என்று வாய்க்கும், பிறகு கண்ணுக்கும், கடைசியாகக் காலுக்கும் மருந்து கொடுத்தார்; ஹுவாசோ என்ற ஊரை அடைவதற்குள் மன்னர் தேறிவிட்டார்.