இரைப்பு: ஆஸ்துமாவுக்கு நம்மிடமே இருக்கும் சொல்

"குழந்தைக்கு வீசிங் டாக்டர்" என்று சொல்லும் அம்மாவிடம் "ஆஸ்துமாவா?" என்று கேட்டால் பதறிப்போவார். "ஐயோ, அதெல்லாம் இல்லை, வெறும் வீசிங்தான்." ஆனால் வீசிங் நோயின் பெயரே அல்ல. சுருங்கிப்போன மூச்சுக்குழல் வழியாகக் காற்று வெளியேறும்போது எழும் சத்தம், அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்குத் தமிழில் பழைய சொல் ஒன்று இருக்கிறது: இரைப்பு.

இரைதல் என்றால் ஒலித்தல். கடல் இரைகிறது. சந்தையில் இரைச்சல். ஓடி வந்தவனுக்கு மூச்சு இரைக்கிறது. எல்லாம் ஒரே வேர். கிரேக்கத்திலிருந்து வந்த ஆஸ்துமா என்ற சொல்லுக்கும் மூச்சிரைப்பு என்றுதான் பொருள். இலியத் என்ற கிரேக்கக் காவியத்தில், அடிபட்டுக் கிடக்கும் வீரன் ஹெக்டர் வாங்குகிற மூச்சுக்கு ஹோமர் சொன்ன சொல் அதுதான்.

ஈளை என்றும் எழுதுகிறார்கள். ஈளை என்றால் கோழை. ஆஸ்துமாவில் கோழையைவிடக் குழல் வீங்கிச் சுருங்குவதுதான் முக்கியம். யாழ்ப்பாணத்தில் தொய்வு, முட்டு என்பார்கள். இளைப்பு என்பதும் உண்டு. மூச்சு வாங்குவது அடங்குவதைத்தான் இளைப்பாறுதல் என்கிறோம் என்று யோசித்தால் அந்தச் சொல்லும் பிடித்துப்போகிறது. ஆனாலும் காதில் கேட்கும் அறிகுறியை அப்படியே சொல்வதால் என் ஓட்டு இரைப்புக்கே.

எம்ஃபிசீமா என்ற நுரையீரல் நோய் வேறு சங்கதி. இதுவும் கிரேக்கம்தான், உள்ளே ஊதுதல் என்று பொருள். நுரையீரலின் நுண்ணிய காற்றுப்பைகளின் சுவர் சிதைந்து, உள்ளே போன காற்று முழுதாக வெளியே வராமல் தங்கிவிடுகிறது. காற்றுப்பை ஊதல் என்று சொல்லலாம் என்பது என் எண்ணம். பீடி, சிகரெட்டோடு நம் ஊரில் விறகடுப்புப் புகையும் நுரையீரலைக் கெடுக்கிறது. நாற்பது வருடம் ஊதாங்குழலோடு அடுப்படியில் உட்கார்ந்த பாட்டி, இன்று நாலு படி ஏறியதும் முழங்காலில் கையூன்றி, உதட்டைக் குவித்து மெல்ல மூச்சு விடுகிறாரே, அதை வயசு என்று விட்டுவிடக் கூடாது.

இரண்டையும் பிரித்தறிய ஸ்பைரோமெட்ரி உதவும். மூச்சை நிறைய இழுத்து, கருவிக்குள் வேகமாக ஊத வேண்டும். ஊதிய மொத்தக் காற்றில் 70 சதவீதமாவது முதல் ஒரு வினாடியில் வரவில்லை என்றால் பொதுவாக அடைப்பு என்று பொருள். பிறகு குழலை விரிக்கும் மருந்து கொடுத்து மறுபடி ஊதச் சொல்வார்கள். ஆஸ்துமாவில் அளவு பெரும்பாலும் நன்றாக ஏறும். சிதைந்த காற்றுப்பை திரும்பாது. புகையை விட்டால் மேற்கொண்டு கெடுவது மெதுவாகும். மருந்தும் மூச்சுப்பயிற்சியும் திணறலைக் குறைக்கும்.

இன்ஹேலர் பழகிவிடும் என்ற பயம் வேண்டாம். குழலை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்து, மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம். இன்ஹேலரின் ஒரு அழுத்தலில் 100 மைக்ரோகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. ஆனால் அது அவசரத்துக்கு. குழலின் வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரை, டாக்டர் சொன்னபடி, மூச்சு நன்றாக இருக்கும் நாளிலும் எடுக்க வேண்டும்.

அப்புறம், ஆஸ்துமாவுக்குச் சொல்லும் இழுப்பு என்ற சொல். பல ஊர்களில் அது வலிப்புக்கும் பெயர். பேச முடியாமல் மூச்சுத் திணறி, உதடு நீலம் பாய்ந்தவருக்காக 108ஐ அழைக்கும்போது "இழுப்பு வந்துடுச்சு" என்று சொல்லாதீர்கள். "மூச்சு இரைக்குது, பேச முடியலை" என்று சொல்லுங்கள்.