அனுமதிக் கடிதம் வரும்வரை சுவரில் கை வைக்காதீர்கள்

வீட்டைச் சக்கர நாற்காலிக்கு ஏற்றபடி மாற்ற உள்ளூர் கவுன்சில் பணம் தரும் என்பது இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் வேலையைத் தொடங்கிவிட்டுத்தான் விசாரிக்கிறார்கள்.

திட்டத்தின் பெயர் டிசேபில்ட் ஃபெசிலிட்டீஸ் கிராண்ட். 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி வருவது, அதிகபட்சம் 30,000 பவுண். வாசல் சரிவுப்பாதை, கதவு அகலப்படுத்துதல், மாடிக்கு லிஃப்ட், தரைமட்டக் குளியலறை எல்லாம் இதில் வரும். சொந்த வீட்டுக்காரரும் கேட்கலாம், வாடகைக்கு இருப்பவரும் கேட்கலாம். வாடகை என்றால் வீட்டு உரிமையாளரின் சம்மதம் வேண்டும். தகுந்த காரணம் இல்லாமல் அவர் மறுக்க முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் முடித்துவிடலாம் என்று குளியலறையை உடைத்துவிட்டது. பிறகு விண்ணப்பித்தார்கள். அனுமதிக்கு முன் தொடங்கிய வேலைக்குப் பொதுவாகப் பணம் கிடையாது. அவர்களுக்கும் கிடைக்கவில்லை.

அடுத்தது, அன்றாட வேலைகளில் என்ன முடிகிறது, வீட்டில் என்ன மாற்றம் தேவை என்று மதிப்பிட ஓ.டி. எனப்படும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வீட்டுக்கு வரும் நாள். நம் பெரியவர்கள் அன்றைக்கென்று நல்ல உடுப்பைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "எல்லாம் சமாளிக்கிறேன் பிள்ளை" என்பார்கள். பக்கத்தில் இருக்கும் மகனும் அதையே மரியாதையாக மொழிபெயர்ப்பார். தாளில் 'தானாகவே குளிக்கிறார்' என்று ஏறிவிடும், அதோடு தேவை இல்லை என்றாகிவிடும். யார் தூக்கிவிடுகிறார்கள், எத்தனை முறை விழுந்தார், இரவில் கழிப்பறைக்குப் போக என்ன செய்கிறார் என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். மகள் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பெரியவரைச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு கதவையும் கடந்து காட்டச் சொல்லுங்கள். டேப்பை மட்டும் வைத்து அளந்தால் முழங்கை இடிப்பது தெரியாது.

இனி, எனக்கு எரிச்சல் வரும் இடம். முழு விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் கவுன்சில் முடிவு சொல்லியாக வேண்டும். நல்ல விதிதான். ஆனால் நீங்கள் போன் செய்த நாள் கணக்கில் வராது, ஓ.டி.க்காகக் காத்திருந்த மாதங்களும் வராது. "லிஸ்டில் இருக்கிறீர்கள்" என்று ஒரு வருடம் சொன்னாலும் கடிகாரம் ஓடவே தொடங்கியிருக்காது. ஆகவே விண்ணப்பப் படிவத்தை மின்னஞ்சலில் கேளுங்கள், அனுப்பிய தேதியைக் குறித்து வையுங்கள். இழுத்தடித்தால் முதலில் கவுன்சிலிலேயே எழுத்தில் புகார். அதற்கும் அசையாவிட்டால், கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிக்கும் உள்ளாட்சி ஓம்பட்ஸ்மன். அதற்குக் கட்டணம் இல்லை.

வருமானத்தைக் காரணம் காட்டியும் போனிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். "மகன் நல்ல வேலையில் இருக்கிறாரே, கிடைக்காது" என்றால் நம்பாதீர்கள். பார்ப்பது மாற்றுத்திறனாளியின் வருமானத்தையும் சேமிப்பையும், அவருடைய துணையின் வருமானத்தையும் சேமிப்பையும்தான். கூடவே இருக்கும் வளர்ந்த பிள்ளைகளின் சம்பளம் அதில் சேராது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்காகக் கேட்டால் பெற்றோர் வருமானத்தையே பார்ப்பதில்லை.

கையெழுத்திடும் முன் ஒன்று. 5 வருடம் அங்கேயே வாழும் எண்ணம் என்று உறுதி கொடுக்க வேண்டும். சொந்த வீட்டை 10 வருடத்துக்குள் விற்றால், மானியத்தில் 5,000 பவுணுக்கு மேற்பட்ட பகுதியில் 10,000 வரை கவுன்சில் திருப்பிக் கேட்கலாம். வீட்டை விற்கும் யோசனை இருந்தால் இப்போதே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

கைப்பிடிக் கம்பி போல 1,000 பவுணுக்குள் அடங்கும் சிறு மாற்றத்துக்கு இந்தப் பெரிய படிவமே வேண்டாம். தேவை என்று மதிப்பிட்டால் கவுன்சில் இலவசமாகச் செய்ய வேண்டும். பெரிய வேலைக்கான வரிசையில் இதையும் சேர்த்து நிறுத்த விடாதீர்கள்.

அப்புறம், வீட்டுக்குள் சக்கர நாற்காலி ஓடக் கூடுதல் இடம் தேவைப்பட்டால் வீட்டுக்குக் கட்டும் கவுன்சில் டாக்ஸ் ஒரு பேண்ட், அதாவது ஒரு வரிப்படி, குறையும். வருமானம் பார்க்க மாட்டார்கள். ஆனால் அவர்களாக வந்து சொல்லவும் மாட்டார்கள், நீங்கள்தான் தனிப் படிவத்தில் கேட்க வேண்டும்.