ஸ்பீக்கரைச் சோதிக்க எந்தப் பாட்டைப் போடுவது?

ஆடியோ கடைக்குள் நுழைந்தால், விற்பனையாளர் தன்னிடமுள்ள பென் டிரைவைத்தான் முதலில் செருகுவார். அதிலிருந்து வரும் பாட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆழமான டிரம் அடி, பளிச்சென்ற கிட்டார், இரண்டுக்கும் நடுவே பெரிதாக எதுவுமில்லை. எந்த ஸ்பீக்கரில் போட்டாலும் அது நன்றாகத்தான் கேட்கும், அதற்காகவே பொறுக்கி எடுத்த பாட்டு அது. வாங்க வந்தவருக்கு வேண்டியதோ நேர் எதிரானது. ஒரு ஸ்பீக்கரில் நன்றாகவும் இன்னொன்றில் மோசமாகவும் கேட்கிற பதிவுதான் சோதனைக்கு உதவும்.

அப்படியானால் நமக்குப் பிடித்த பாட்டுகளை எடுத்துக்கொண்டு போகலாமா? தாராளமாகப் போகலாம். ஆனால் பாட்டு பிடித்திருப்பது வேறு, அந்தப் பாட்டின் ஒலிப்பதிவு எதைக் காட்டும் என்று தெரிந்திருப்பது வேறு. சோதனைக்கு இரண்டும் வேண்டும்.

முதலில் ஓர் அடிப்படைச் சிக்கலைப் பார்த்துவிடலாம். ஸ்டுடியோவில் ஒரு பாட்டைக் கலவை செய்யும் ஒலிப்பொறியாளரும் ஏதோ ஒரு ஸ்பீக்கரில் கேட்டுத்தான் முடிவெடுக்கிறார். அவருடைய ஸ்பீக்கரில் கீழ் ஒலி குறைவாக இருந்தால், பாட்டில் அதைக் கூட்டி வைத்துவிடுவார். அந்தப் பாட்டை நேர்த்தியான ஸ்பீக்கரில் போட்டால் ‘பேஸ்’ அதிகமாகக் கேட்கும். நாமோ ஸ்பீக்கர்தான் சரியில்லை என்று நினைப்போம். பாட்டை வைத்து ஸ்பீக்கரை எடைபோடுகிறோம், அந்தப் பாட்டையோ இன்னொரு ஸ்பீக்கரை வைத்து உருவாக்கியிருக்கிறார்கள். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்திலும் பிறகு ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்திலும் பணியாற்றிய ஒலியியல் ஆய்வாளர் ஃப்ளாய்டு டூல் இதற்குக் ‘குழப்ப வட்டம்’ என்று பெயர் வைத்தார்.

இந்த வட்டத்திலிருந்து வெளியே வர எனக்குத் தெரிந்து ஒரே வழிதான் உண்டு. ஒரே பாட்டை நம்பக் கூடாது. வேறு வேறு ஸ்டுடியோக்களில், வேறு வேறு காலங்களில், வேறு வேறு ஆட்கள் செய்த ஆறேழு பதிவுகள் வேண்டும். ஒரு குறை ஒரு பாட்டில் மட்டும் தெரிந்தால் அது அந்தப் பதிவின் குறை. எல்லாப் பாட்டிலும் தெரிந்தால் அது நம் ஸ்பீக்கரின் குறை, அல்லது நம் அறையின் குறை. ஒரே இசையமைப்பாளரின் ஒரே படத்திலிருந்து ஐந்து பாட்டுகளை எடுத்துக்கொண்டு போவது ஏன் போதாது என்பதற்கும் இதுதான் காரணம்.

பிடித்த பாட்டுக்கு இங்கே பெரிய மதிப்பு இருக்கிறது. ஒலியின் நுணுக்கமான விவரங்களை நம் நினைவு சில நொடிகளுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. நேற்று ஒரு கடையில் கேட்டதையும் இன்று இன்னொரு கடையில் கேட்பதையும் நினைவை வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். ஆனால் வருடக்கணக்கில் பேருந்திலும் காரிலும் ஹெட்ஃபோனிலும் கேட்ட குரலின் பொதுவான குணம் அப்படி மறைந்துவிடாது. இத்தனை கருவிகளின் வழியாகக் கேட்ட பிறகு, எது பாட்டோடு வருகிறது, எது கருவியோடு வருகிறது என்று மூளை ஓரளவு பிரித்துவைத்திருக்கும். அந்தப் பழக்கத்தைப் புதிதாகக் கேட்கும் எந்த டெமோ டிராக்கும் தர முடியாது.

அப்புறம், பதிவுகளில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை அடர்த்தியானது, இன்னொன்று வெறுமையானது. இரண்டும் வேறு வேறு குறைகளைக் காட்டுகின்றன.

வெறுமையான பதிவுக்குப் புகழ்பெற்ற உதாரணம் சூசன் வேகா 1987-ல் வெளியிட்ட ‘டாம்ஸ் டைனர்’. வாத்தியமே இல்லாமல் அவர் குரல் மட்டும் ஒலிக்கும் பாட்டு அது. ஜெர்மனியில் எம்பி3 முறையை உருவாக்கிக்கொண்டிருந்த கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் இந்தப் பாட்டைத் தன் முறையில் சுருக்கிப் பார்த்தபோது குரல் சிதைந்து கேட்டது. மற்ற இசையை ஏற்றுக்கொண்ட அதே முறை இந்த ஒற்றைக் குரலிடம் தோற்றது. காரணம் ‘மறைப்பு’ என்ற காதின் இயல்பு. ஓர் ஒலி உரத்து ஒலிக்கும்போது, அதிர்வெண்ணில் அதற்குப் பக்கத்திலுள்ள மெல்லிய ஒலிகள் நம் காதுக்கு எட்டாது. முழு ஆர்கெஸ்ட்ராவில் பிழைகள் ஒளிந்துகொள்ள இடமிருக்கிறது. தனிக்குரலில் அந்த இடம் கிடையாது. பிராண்டன்பர்க் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தன் முறையைத் திருத்தினார். கரகரப்பு, சிதைவு, ‘ஸ’ ‘ஷ’ எழுத்துகளில் வரும் கூர்மையான சீறல் போன்றவற்றைப் பிடிக்க நமக்கும் ஒரு தனிக்குரல் பதிவு வேண்டும். நெருக்கமாக மைக் வைத்துப் பதிந்த விருத்தம் இருந்தால் அருமை.

ஆனால் ஸ்பீக்கரின் சமநிலையைச் சோதிக்கத் தனிக்குரல் போதாது. ஒரு ஸ்பீக்கர் குறிப்பிட்ட அதிர்வெண் பகுதியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுகிறது என்று வையுங்கள். அந்தப் பகுதியில் பாட்டில் ஒலியே இல்லாவிட்டால் குறை எப்படித் தெரியும்? கீழிருந்து மேல்வரை எல்லா அதிர்வெண்ணும் நிறைந்த, தொடர்ந்து ஒலிக்கும் பதிவு வேண்டும். ஆய்வகத்தில் இதற்குப் ‘பிங்க் நாய்ஸ்’ என்ற இரைச்சலைப் பயன்படுத்துகிறார்கள். ஹார்மனில் ஆய்வாளர் ஷான் ஆலிவ் செய்த சோதனைகளில், ஸ்பீக்கர்களுக்கு இடையிலான வேறுபாட்டைக் கேட்பவர்கள் கண்டுபிடிக்கப் பிங்க் நாய்ஸ் மிகவும் உதவியது. இசைப் பதிவுகளில் அப்படி உதவியவற்றில் முக்கியமானது ட்ரேசி சாப்மேனின் 1988-ம் ஆண்டுப் பாட்டான ‘ஃபாஸ்ட் கார்’. கிட்டார், பேஸ், டிரம், குரல் என்று அதில் ஒலி பரந்து கிடக்கிறது. உலகெங்கும் மேடை ஒலிப்பொறியாளர்கள் அரங்கைச் சரிசெய்யப் போடும் டொனால்டு ஃபேகனின் ‘ஐ.ஜி.ஒய்.’ பாட்டும் (1982) அந்த வகைதான்.

நம் கையிலேயே ஒரு பிங்க் நாய்ஸ் இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை. நேரடிக் கச்சேரிப் பதிவின் முடிவில் வரும் கைதட்டல்! நூற்றுக்கணக்கான கைகள் எழுப்பும் அந்த ஒலியில் ஏறக்குறைய எல்லா அதிர்வெண்ணும் இருக்கிறது. நல்ல ஸ்பீக்கரில் அது கைகள் தட்டும் ஒலியாகவே கேட்கும். மேல் ஒலி தூக்கலான ஸ்பீக்கரில் அது கொதிக்கும் எண்ணெயில் அப்பளம் போட்டதுபோல் சடசடக்கும். கச்சேரியை நிறுத்திவிடாமல் அந்தப் பத்து நொடியையும் கேளுங்கள்.

இனி, நம் வீடுகளில் மிகப் பெரிய பிரச்சினையான கீழ் ஒலிக்கு வருவோம். இங்கே நாம் சோதிப்பது பாதி ஸ்பீக்கரை, பாதி அறையை.

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. இரண்டு எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையிலான தூரம் ஓர் ஒலியலையின் நீளத்தில் சரிபாதியாக அமைந்துவிட்டால், அந்த அலை சுவர்களுக்கு நடுவே நிலைகொண்டுவிடும். சுவரோரத்தில் அது உரத்துக் கேட்கும், நடுவில் கிட்டத்தட்டக் காணாமல் போகும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு அடி என்பது 3.66 மீட்டர். அந்தத் திசையில் நிலைகொள்ளும் முதல் அலை சுமார் 47 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 47 அதிர்வு. பத்து அடிக்கு அது 56 ஹெர்ட்ஸ். கூரையின் உயரமும் பத்து அடியாக இருந்துவிட்டால், அதே 56 ஹெர்ட்ஸ் இரண்டு திசைகளில் சேர்ந்து வலுக்கும்.

பேஸ் கிட்டாரின் மிகக் கீழான ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ். அங்கிருந்து படிப்படியாக ஏறினால் 44, 46, 49, 52, 55 என்று போகும். இந்த அறையில் 46-லும் 55-லும் வரும் ஸ்வரங்கள் ‘பூம்’ என்று வீங்கும், 52 அடங்கிவிடும். அதனால் கீழ் ஒலியைச் சோதிக்க ‘தம் தம்’ என்று ஒரே ஸ்வரத்தில் அடிக்கும் பாட்டு உதவாது. அந்த ஒரு ஸ்வரம் உங்கள் அறைக்கு ஒத்துப்போனால் அற்புதமாகக் கேட்கும், ஒத்துப்போகாவிட்டால் பேஸே இல்லை என்பீர்கள். படியேறி இறங்குவதுபோல் ஸ்வரம் ஸ்வரமாக நடக்கும் பேஸ் கிட்டார் உள்ள பாட்டைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு ஸ்வரமும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்க வேண்டும். ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நின்றால், ஸ்பீக்கரைத் திட்டும் முன் நாற்காலியைப் பின்சுவரிலிருந்து இரண்டடி முன்னால் நகர்த்திக் கேளுங்கள். பல வீடுகளில் அந்த இரண்டடி செய்யும் மாற்றத்தை விலையுயர்ந்த கேபிள் எதுவும் செய்யாது என்று உறுதியாகச் சொல்வேன்.

சிறிய ஸ்பீக்கரில் இன்னொரு மாயமும் நடக்கும். 41 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தோடு 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் ஒலிக்கின்றன. ஸ்பீக்கரால் 41-ஐ எழுப்ப முடியாவிட்டாலும், மடங்குகளைக் கேட்டதும் அடிப்படை ஸ்வரத்தை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். எனவே பேஸின் மெட்டு புரிகிறது என்பதாலேயே கீழ் ஒலி இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. அந்த ஒலியின் எடையும் உடம்பில் தெரிய வேண்டும்.

நம் இசையில் எனக்கு மிகப் பிடித்த சோதனைக் கருவி மிருதங்கம். சாதாரணத் தோலை வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டித் தட்டினால், அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று ஒழுங்கற்ற மேலொலிகள் எழும். அதனால்தான் பெரும்பாலான தோல் கருவிகளில் சுருதி தெளிவாகக் கேட்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே அப்பும் ‘சோறு’ என்ற கருப்புப் பசை இந்தக் கதையையே மாற்றுகிறது. அது ஏற்றும் எடையால் மேலொலிகள் 2, 3, 4, 5 என்று முழு மடங்குகளை நெருங்கி வரிசைப்படுகின்றன. இதை 1920-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதியவர் சி.வி. ராமன். 1934-ல் இன்னும் விரிவாக ஆராய்ந்து, தோலின் ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்து இசை ஸ்வரங்களாகத் திரள்கின்றன என்று காட்டினார்.

இது ஸ்பீக்கருக்குக் கடினமான தேர்வு. ஒவ்வொரு அடியிலும் முதலில் விரல் படும் கூர்மையான சத்தம், அடுத்து சுருதியோடு நீளும் நாதம், இரண்டும் சரியான விகிதத்தில் வர வேண்டும். ‘நம்’ என்ற அடியின் நாதம் தம்புராவின் ஷட்ஜத்தோடு போய்ச் சேர வேண்டும். நடு ஒலி மெலிந்த ஸ்பீக்கரில் விரல் சத்தம் மட்டும் ‘டக் டக்’ என்று மிஞ்சும், ஏதோ டப்பாவைத் தட்டுவதுபோல் இருக்கும். இடப்பக்கத் தொப்பியில் கும்கி வாசிக்கும்போது, அதாவது உள்ளங்கையால் தோலை அழுத்தித் தேய்க்கும்போது, கீழ் ஒலி வழுக்கிக்கொண்டு ஏறும். அது எங்கும் வீங்காமல், எங்கும் தொலையாமல் ஏறினால் அறையும் ஸ்பீக்கரும் ஒத்துப்போகின்றன என்று அர்த்தம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். சபாவில் கேட்கும் மிருதங்கமும் பெரும்பாலும் ஒரு ஸ்பீக்கர் வழியாக வருவதுதான். மைக் இல்லாமல், ஒரு வீட்டுக் கூடத்திலோ வகுப்பிலோ பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறையாவது கேட்டிருந்தால்தான் காதுக்கு உண்மையான அளவுகோல் கிடைக்கும்.

இரண்டு ஸ்பீக்கர்களின் இடத்தைச் சரிபார்க்க, பழைய மோனோ திரைப்பாட்டைப் போல உதவுவது வேறில்லை. மோனோ பதிவில் இரண்டு ஸ்பீக்கருக்கும் போவது ஒரே ஒலி. நீங்கள் சரியாக நடுவில் உட்கார்ந்தால் குரல் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் மத்தியில், வெற்றிடத்தில் ஒரே புள்ளியில் நிற்க வேண்டும். ஒரு ஸ்பீக்கர் 15 சென்டிமீட்டர் பக்கத்தில் இருந்தாலே அதன் ஒலி அரை மில்லிநொடிக்குச் சற்றுக் குறைவான நேரம் முந்தி வந்துசேரும், குரல் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். குரல் எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் அறையெங்கும் பரவி, கீழ் ஒலியும் காணாமல் போனால், ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு ஒயரும் கருப்பு ஒயரும் இடம் மாறியிருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள்.

ஒலியின் ஆழத்தைக் கேட்க, ஒற்றை மைக்கில் பதிந்த இசை வேண்டும். கௌபாய் ஜங்கீஸ் குழு 1987 நவம்பர் 27 அன்று டொராண்டோவின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் ஒரே மைக்கைச் சுற்றி உட்கார்ந்து பதிந்த ‘தி டிரினிட்டி செஷன்’ இதற்குப் பேர்போனது. குரல் எவ்வளவு தூரத்தில், வாத்தியங்கள் எவ்வளவு பின்னால், கட்டடம் எவ்வளவு பெரிது என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது. டைல்ஸ் தரையும் வெறும் சுவருமாக உள்ள அறையில் உங்கள் அறையின் எதிரொலி அந்தத் தேவாலயத்தின் எதிரொலியை மூடிவிடும். ஒரு ஜமுக்காளம் விரித்துவிட்டு மறுபடி கேட்டால் வித்தியாசம் தெரியும்.

ஸ்பீக்கருக்குச் சக்தி தரும் ஆம்ப்ளிஃபையரின் வலுவைச் சோதிக்கத் தனி ஆவர்த்தனம் போதும். சராசரி ஒலிக்கு 1 வாட் செலவாகிறதென்றால், அதைவிட 20 டெசிபல் (டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு) உயரும் ஓர் அடிக்கு அந்தக் கணத்தில் 100 வாட் தேவை. உரப்புக்காக அமுக்கிப் பதிந்த இன்றைய பல பாட்டுகளில் இந்த ஏற்ற இறக்கமே இல்லை, அவற்றை வைத்து இதைச் சோதிக்க முடியாது.

கடைசியாக, ஒப்பிடும்போது சத்த அளவு. 1933-ல் பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் காட்டியபடி, சத்தம் குறையும்போது கீழ் ஒலி நம் காதுக்கு மற்றவற்றைவிட வேகமாகக் குறைகிறது. ஒரு ஸ்பீக்கர் ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தால், சத்தம் கூடியதாகத் தோன்றாது, தரம் கூடியதாகத் தோன்றும். கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஒலி அளவி செயலியை வைத்தாவது இரண்டையும் சமப்படுத்துங்கள்.

சத்தத்தைச் சமப்படுத்தினாலும் கண் சும்மா இருக்காது. 1994-ல் டூலும் ஆலிவும் ஹார்மன் ஊழியர்கள் 40 பேரை ஸ்பீக்கர்களைப் பார்த்தபடி ஒருமுறையும், திரைக்குப் பின்னால் வைத்து ஒருமுறையும் கேட்கச் சொன்னார்கள். பார்த்தபோது பெரிய, விலையுயர்ந்த ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் ஏறியது, சின்னதற்கு இறங்கியது. திரை போட்டதும் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. கேட்டவர்கள் ஒலித்துறையிலேயே வேலை செய்தவர்கள். வீட்டிலும் இதைச் செய்யலாம். இரண்டு ஸ்பீக்கருக்கும் முன்னால் ஒரு மெல்லிய துணியைத் தொங்கவிட்டு, வீட்டில் ஒருவரை எந்தப் பாட்டுக்கு எந்த ஸ்பீக்கர் என்று மாற்றி மாற்றிப் போட்டு ஒரு தாளில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஆறேழு பாட்டுக்கும் மதிப்பெண் போட்டு முடித்த பிறகு அந்தத் தாளை வாங்கிப் பாருங்கள்.