பூவின் முதுகு

தென்காசிக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியபுரம் என்ற ஊர் இருக்கிறது. குற்றாலச் சாரல் காலத்தில், ஆடி மாதவாக்கில், அந்தப் பக்கத்து வயல்களில் சூரியகாந்தி பூத்தால் படம் எடுப்பதற்கென்றே கார்களிலும் வேன்களிலும் கூட்டம் வந்து இறங்கும். அருவியில் குளித்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, சாவகாசமாக ஐந்து மணிக்கு வருகிறவர்களுக்கு அங்கே ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். சூரியன் மேற்கே மலைப்பக்கம் இறங்கிக்கொண்டிருக்கும். பூக்களோ அத்தனையும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே பார்த்து நிற்கும்.

சூரியன் போகும் பக்கமெல்லாம் இந்தப் பூ திரும்பும் என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? ‘பொழுதுவணங்கி’ என்று தமிழில் இதற்கு இன்னொரு பெயரே உண்டு. பெயரில் பிழை இல்லை. நாம் பார்க்கும் வயதில்தான் பிழை. பொழுதைப் பார்த்துத் திரும்புவது மொட்டு விடும் பருவத்து இளஞ்செடி. பூ விரிந்த பிறகு அந்த வேலை முடிந்துவிடுகிறது.

தொட்டாற்சிணுங்கி இலையை மடக்குவதும் ஓர் அசைவுதான். இலைக்காம்பின் அடியில் உள்ள சிறு புடைப்பில் நீர் வடியும்போது இலை சாய்கிறது, நீர் திரும்ப ஏறும்போது நிமிர்கிறது. கதவுக் கீல் மாதிரி. சூரியகாந்தித் தண்டில் அப்படியொரு கீல் கிடையாது. அது திரும்புவதற்கு ஒரே வழி, வளர்வதுதான். பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் மேற்குப் பக்கத்தைவிடச் சற்று அதிகமாக நீள்கிறது. ஒரு பக்கம் நீண்டால் எதிர்ப்பக்கம் சாய வேண்டியதுதானே. நுனி மெல்ல மேற்கே வளைகிறது. இரவில் கணக்கு மாறுகிறது. மேற்குப் பக்கம் நீள, நுனி கிழக்கே வந்து, விடிவதற்கு முன்பே சூரியனுக்காகக் காத்திருக்கிறது. ஒவ்வொரு முறை ஆடும்போதும் தண்டு கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது. தண்டு நீள உதவும் ஜிப்ரலின் என்ற இயக்குநீர் குறைந்த குட்டைச் செடிகளால் இந்த ஆட்டத்தை ஆட முடிவதில்லை.

பகலில் திரும்புவதற்கு வெளிச்சத்தைக் காரணம் சொல்லலாம். இருட்டில் கிழக்கே திரும்பச் சொல்வது யார்? எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டேசி ஹார்மரும் ஹகோப் அடாமியனும் சகாக்களும் தண்டின் இரு பக்கமும் மைப் புள்ளிகள் வைத்து, அவற்றின் இடைவெளி எப்படி மாறுகிறது என்று படம் பிடித்து அளந்தார்கள். பிறகு செடிகளை ஓர் அறைக்குள் வைத்து, தலைக்கு மேல் அசையாத விளக்கைப் போட்டார்கள். தொடர்வதற்குச் சூரியனே இல்லாத அந்த அறையிலும் செடிகள் சில நாட்களுக்குக் கிழக்கும் மேற்குமாக ஆடிக்கொண்டிருந்தன. நகரும் விளக்குகளால் 30 மணி நேர ‘நாள்’ ஒன்றைச் செயற்கையாக உண்டாக்கியபோது தடுமாறின. நம்மை அலாரம் இல்லாமலே விடியற்காலையில் எழுப்புகிறதே, அதே வகையான 24 மணி நேர உயிரிக் கடிகாரம் செடிக்குள்ளும் ஓடுகிறது. 2016-இல் இந்த ஆய்வு வெளியானது. சட்டியை மாலைதோறும் திருப்பி வைத்து, விடியும்போது செடி மேற்கே பார்க்கும்படி செய்தபோது அதன் வளர்ச்சி சுமார் 10 சதவீதம் குறைந்தது.

இதோடு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். ஜன்னலோரச் செடி வெளிச்சத்தை நோக்கி வளைவது நீல ஒளியை உணரும் புரதங்களால். சூரியகாந்தியும் அப்படித்தான் என்று நெடுநாள் எண்ணியிருந்தார்கள். 2023-இல் அதே ஆய்வகம் வெட்டவெளியில் நீல ஒளியைத் தடுத்துப் பார்த்தது, புற ஊதாவைத் தடுத்தது, சிவப்பையும் தடுத்தது. செடி எதற்கும் அசரவில்லை, சூரியனைப் பின்தொடர்ந்துகொண்டேயிருந்தது. அறைக்குள் வளைய ஒரு வழி, வெயிலில் திரும்ப வேறு வழி என்று வைத்திருக்கிறது போலும்.

வயது ஏற ஏறத் தண்டின் வளர்ச்சி குறைகிறது. வளர்ச்சிதான் அசைவு என்பதால் அசைவும் குறைகிறது. செடி மாலை வெயிலைவிடக் காலை வெயிலுக்கே கூடுதலாக இணங்குவதால் மேற்குப் பக்கத்துச் சாய்வு நாளுக்கு நாள் சுருங்கி, கடைசியில் கிழக்கிலேயே நிலைத்துவிடுகிறது.

கிழக்கே நிலைப்பதில் பூவுக்கு நல்ல ஆதாயம். நாம் பூ என்று சொல்வது உண்மையில் ஒரு கூட்டம். விளிம்பில் இதழ்போல் தெரியும் மஞ்சள் மடல் ஒவ்வொன்றும் தனித்தனிப் பூ. அவை விதை தராத விளம்பரப் பலகைகள். நடுத்தட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு பூக்கள் இருக்கின்றன. விதை அங்கேதான். அவை எதிரெதிர்ச் சுருள்களாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு பக்கமாக எண்ணினால் 34, மறுபக்கமாக 55 என்று, முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது கிடைக்கும் ஃபிபனாச்சி வரிசையின் எண்களாக வருவது வழக்கம். ஒவ்வொரு புது மொட்டும் முந்தையதிலிருந்து ஏறக்குறைய 137.5 பாகை தள்ளி முளைப்பதால் இடம் வீணாவதில்லை. கணிதமேதை ஆலன் டூரிங் இதை ஆராயத் தொடங்கி முடிக்காமலே போனார். அவர் நூற்றாண்டான 2012-இல் மான்செஸ்டரில் பொதுமக்களை விட்டே சூரியகாந்தி வளர்க்கச் சொல்லி, 657 பூக்களை எண்ணிப் பார்த்தார்கள். பெரும்பாலானவை அந்த வரிசைக்கு ஒத்துவந்தன. சில அடங்கவில்லை.

அந்த ஆயிரம் பூக்களும் விதையாக வேண்டுமென்றால் தேனீ வர வேண்டும். கிழக்கே பார்க்கும் பூ காலை வெயிலில் சீக்கிரம் சூடாகிறது, மகரந்தத்தையும் முன்னதாகவே வெளிவிடுகிறது. சட்டியைத் திருப்பி மேற்கே பார்க்க வைத்த பூக்களைவிட இவற்றுக்குக் காலையில் ஐந்து மடங்கு தேனீக்கள் வந்தன. மேற்குப் பூவை ஹீட்டரால் சூடாக்கியபோது அதற்கும் வரவு கூடியது.

இத்தனை பெரிய ஒற்றைத் தலை இயற்கை கொடுத்ததல்ல. காட்டுச் சூரியகாந்தி பல கிளை விட்டுச் சிறுசிறு பூக்களாகப் பூக்கும். வட அமெரிக்கப் பழங்குடிகள் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே விதைக்காக அதைப் பயிராக்கி, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துத் தலையைப் பெருக்கினார்கள். ஸ்பானியர்கள் 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனபோது அங்கே அது வெறும் தோட்ட அலங்காரம். எண்ணெய்ப் பயிராக அதை ஆக்கியது ரஷ்யா. தேவாலய நோன்பு நாட்களில் விலக்கப்பட்ட கொழுப்புகளின் பட்டியலில் இந்தப் புதுச் செடி இல்லை என்பது அங்கே பெரிய வசதியாகிவிட்டது! 1829-இல் டேனில் பொகாரெவ் என்ற பண்ணையடிமை கையால் எண்ணெய் பிழிந்தார். பின்னாளில் கிராஸ்னதாரில் புஸ்தவோய்த் என்ற விஞ்ஞானி, விதையின் எண்ணெய் அளவை 30 சதவீத அளவிலிருந்து 50 சதவீத அளவுக்கு உயர்த்தினார். 1969-இல் இந்தியாவுக்கு எண்ணெய்ப் பயிராக வந்தவை அந்த சோவியத் ரகங்கள்தான்.

நம் வயல்களில் தேனீ குறைவாக இருந்தால் அதன் வேலை மனிதர் தலையில் விழுகிறது. பூக்கும் நாட்களில் காலை வேளையில் மெல்லிய துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு கொண்டையாகத் தடவிக்கொண்டே போக வேண்டும், அல்லது பக்கத்துப் பக்கத்துக் கொண்டைகளை முகத்தோடு முகம் இலேசாகத் தேய்த்துவிட வேண்டும். வேளாண் துறையும் இதைத்தான் பரிந்துரைக்கிறது. பிறகு சில வாரங்களில் இதழ்கள் உதிர, படம் எடுக்க வந்தவர்களும் போய்விடுவார்கள். அப்போது விவசாயி வரப்பில் நடந்து, கொண்டையைத் திருப்பி அதன் முதுகைப் பார்ப்பார். பச்சை மாறி அது எலுமிச்சை மஞ்சளாகியிருந்தால் அறுப்புக்கு ஆள் சொல்லலாம்.